பாஸ்

வடசேரி பஸ் ஸ்டாண்டு எதிரே, செருப்புக்கடை மாடியில்
டென்னிசன் அண்ணனின் ஆபீஸ்.
சுவரில் விமானம், கப்பல், ஒட்டகம்.
ஜியாலஜி என்றேன்.
சுவாலஜி என்று எழுதினார்.
நிலவியல் அண்ணா, என்றேன்.
வெட்டிவிட்டுப் புவியியல் என்று எழுதினார்.
"நர்ஸுன்னா நாளைக்கே ஏத்திருவேன் பிள்ளே.
பாறைக்கு எதுக்குப் படிப்பு? வெடி வச்சா போராதா?"

கேட்டதில் தப்பில்லை.
எங்கள் வீட்டுச் சோறே வெடியில் வருவதுதான்.
அப்பா டிப்பர் ஓட்டுகிறார்.
இரவு பதினொன்றுக்கு மேல் களியக்காவிளை தாண்டி
மலையைக் கொட்டிவிட்டு
விடியுமுன் திரும்புவார்.
என் முதல் செமஸ்டர் ஃபீஸ் முப்பத்தெட்டு லோடு.
டயர் இடுக்கில் சிக்கிய ஒரு சில்லை எடுத்து
சார்னோகைட், என்றேன்.
கருங்கல்லு, என்றார்.
லென்ஸைக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்,
குவார்ட்ஸில் ஓடும் நீலத்தை.
"இதுக்குத் தனி ரேட்டு உண்டா?"

நூற்றுப் பதினாறு மின்னஞ்சல்.
கானா, மங்கோலியா, சிலி,
பெயரை உச்சரிக்கத் தெரியாத இரண்டு ஊர்கள்.
பதில் வந்தவை ஒன்பது. ஒன்பதிலும் ஒரே வரி:
நிலத்தடி அனுபவம், குறைந்தது இரண்டு வருடம்.

நிலத்தடியில் நான் இருந்தது ஒரே தடவை.
ஏழு வயதில், கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியை எடுக்க
எடை குறைந்த ஆள் என்று என்னைக் கயிற்றில் இறக்கினார்கள்.
செம்மண் முடிந்து
வெள்ளைக்களி தொடங்கும் அந்த இடத்தைத் தொட்டேன்.
பச்சைப்பிள்ளை கன்னம்போல் குளிர்ந்து கிடந்தது.
அதை ரெஸ்யூமில் எந்தக் கட்டத்தில் நிரப்ப?

சீனியர் சுஜின் ஜாம்பியாவிலிருந்து வாய்ஸ் அனுப்புவான்:
"நாள் முழுக்கக் கோர் பெட்டி, மீட்டர் மீட்டரா எழுதணும்.
மீன் உண்டு. ஏரி மீனு, உப்பே ஏறாது.
பொம்பளைப் பிள்ளைய எடுப்பியளான்னு கேட்டேன்.
எடுப்பாங்களாம். கக்கூஸ்தான் தனியா இல்ல."

மடகாஸ்கர்க்காரி வீடியோவில் வந்தாள்.
மொட்டைமாடியில்தான் சிக்னல்;
தலைக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காய்கிறது,
அதன் புளிச்ச வாடை அவளுக்குப் போகாது, நல்லவேளை.
இல்மனைட்டை நேரில் கண்டதுண்டா, என்றாள்.

மணவாளக்குறிச்சி அத்தை வீட்டில்
கால் கழுவாமல் பாயில் ஏறி அடி வாங்கியிருக்கிறேன்.
உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் உருட்டினால்
அதற்கு மீசை முளைக்கும்.
ஒட்டாமல் விலகும் சிவப்பு கார்னெட்,
அதை நாங்கள் தீப்பெட்டியில் சேர்த்தோம்.
எஸ் மேடம், என்றேன்.

உங்கள் கரைக்கும் எங்கள் கரைக்கும் என்ன சம்பந்தம்?
இதற்கு மட்டும் இங்கிலீஷ் தடையில்லாமல் வந்தது.
ஒரே பாறை மேடம். ஒன்பது கோடி வருடம் முன்னால் விட்டுப்போனது.
அவள் சிரித்தாள். எழுதிக்கொண்டாள்.

நாலாம் நாள் கடிதம் வந்தது.
மணல் மாதிரி எடுக்கும் பயிற்சியாளர், ஆறு மாதம்.
விமானக் கட்டணம் பாதி.
சுற்றுலா விசாவில் வந்துவிடவும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அம்மா மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள்.
அப்பா லோடு முடித்து வந்து, கை கழுவாமலே எடுத்து,
ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்கச் சொல்லி,
செக்போஸ்ட் ஆபீசர் குரலில் கேட்டார்:
"பாஸ் எங்கே?"
விளையாட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.
"பாஸ் இல்லாம எத்தன நடை ஓட்டியிருக்கேன்னு
உனக்குத் தெரியாது ஜெபிஷா.
வண்டிய விட்டுட்டு ரப்பர்த் தோட்டத்துல குதிச்சு ஓடலாம், எனக்கு.
நீ அங்க எங்க குதிப்பே?"

அன்றே எழுதினேன்:
வேலை அனுமதிச் சீட்டை அனுப்பினால் புறப்படுகிறேன்.

இன்றைக்குப் பதினொன்றாம் நாள்.
ஷீட்டைத் திருப்பிப் போட மாடிக்கு வந்தேன்.
மேற்கே மழை இருட்டுகிறது.
நூற்றுப் பதினேழாவது மின்னஞ்சலில்
அனுபவம் என்ற இடத்தில்
கிணறு, பன்னிரண்டு அடி, என்று அடித்து
அழித்துவிட்டு
மறுபடியும் அடிக்கிறேன்.